கம்பி தெரிகிறது, கட்டை தெரியவில்லை

உடையார்கட்டு
02.03.2025

அன்புள்ள அக்கா,

முதலில் ஒரு மன்றாட்டம். இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அறைத் தோழிக்கும் வேண்டாம். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். வீட்டில் இருப்பது ஒரே போன். அதையும் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுத்தான் கதைப்பார். அதனால்தான் கடிதம். எல்லாரும் படுத்த பிறகு எழுதுகிறேன். பதிலை வீட்டுக்குப் போடவேண்டாம். என் வகுப்பு ஷிபாவின் வாப்பா, லாபிர் நானா, புதுக்குடியிருப்பில் புடவைக் கடை வைத்திருக்கிறார். அந்த முகவரியை அடியில் எழுதியிருக்கிறேன். அங்கே வந்தால் ஷிபா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து தருவாள்.

நாங்கள் சுகம். அப்பா வயலில் நெல் அரிவு வெட்டி முடித்துவிட்டார். தாதியர் விடுதிச் சாப்பாடு இப்போதாவது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா?

அம்மாவின் வலக்கண்ணில் வெண்புரை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். அப்பா சந்தியில் நின்று, "இவவுக்கு இப்ப இருவது வயசுக் கண்" என்று எல்லாருக்கும் சொல்கிறார். அம்மாவும் சிரிக்கிறார். நேற்று வாசலில் நிற்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"பிள்ளை, வேலியில கம்பி தெரியுது. கட்டை தெரியேல்லை. கட்டையில்லாமல் கம்பி அந்தரத்தில நிக்கிற மாதிரிக் கிடக்கு."

உண்மைதான் அக்கா. குறுக்காகப் போகிற எல்லாம் அவருக்குத் தெளிவு. நெடுக்காக நிற்கிறதெல்லாம் இரண்டாகக் கலங்கித் தெரிகிறது. தையல் மெஷினில் இருக்கும்போது தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தைக்கிறார். அப்போது கொஞ்சம் தெரிகிறதாம். கழுத்துப் பிடித்துவிட்டதென்று நினைத்து அப்பா ஒவ்வொரு இரவும் எண்ணெய் பூசி விடுகிறார். அம்மாவும் பேசாமல் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்.

ஐந்தாம் நாளே மெஷினில் குந்தினதால் வந்த வினை என்று அம்மா தன்னையே நோகிறார். அது சரியா? நீங்கள் இப்போது கண் வாட்டில்தானே பயிற்சி. எனக்கு மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
யதுர்ஷிகா

*

கண்டி
11.03.2025

அன்புள்ள யது,

உன் கடிதம் வந்தது. ஒருவருக்கும் காட்டவில்லை. கிழிக்கவும் இல்லை, பெட்டியின் அடியில் இருக்கிறது. சாப்பாடு பழகிவிட்டது, நான் சுகம். அப்பாவின் முழங்கால் நோவைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை?

முதலில் அம்மாவுக்குச் சொல்: தைத்ததால் இது வராது. அவர் பிழை ஒன்றுமில்லை.

நீ எழுதிய கம்பியும் கட்டையும் எங்கள் வாட்டில் அடிக்கடி கேட்கிற கதை. அஸ்டிக்மட்டிசம் என்பார்கள். கருவிழிக்கு மேலே கண்ணாடி போல ஒரு தோல் இருக்கிறது. அது பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வளைந்திருக்க வேண்டும். பலருக்குக் கரண்டியின் முதுகு போல ஒரு திசையில் கூடவும் மறு திசையில் குறையவும் வளைந்திருக்கும். வெண்புரை எடுக்க அந்தத் தோலின் ஓரத்தில் சிறிதாக வெட்டித்தான் உள்ளே போவார்கள். அம்மாவிடம் கேட்டால் சொல்லுவார், இழுபட்டு நிற்கிற துணியில் கத்தரி வைத்தால் அந்த இடம் தளரும். இதுவும் அப்படித்தான். வளைவு கூடின திசையில் வெட்டினால் அது தளர்ந்து பார்வை சீராகும். குறைந்த திசையில் வெட்டினால் இருக்கிற கோணல் இன்னும் கூடும். அதனால் முதலே அளந்து, எங்கே வெட்டுவது என்று எழுதி வைப்பார்கள்.

உங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கண் முகாமில்தானே அம்மாவை அளந்தது? அந்தத் தாளின் பிரதி வீட்டில் இருக்கும். அதிலுள்ள இலக்கங்களைப் பார்த்து எழுது. கண்ணுக்கு மருந்து விடும்போது வெட்டு எந்தப் பக்கம் என்றும் பார். அந்தத் தாளை எழுதினது ஆர்?

அன்புடன்
அக்கா கிருசாந்தி

*

உடையார்கட்டு
18.03.2025

அன்புள்ள அக்கா,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. இரண்டு நாள் மழை பெய்து காய வைத்த நெல்லை அள்ளி ஓடினோம்.

தாள் அலுமாரியில் இருந்தது. வலக்கண்: 43.25, 44.25. கூடின வளைவின் திசைக்கு நேரே 90 என்று இருக்கிறது. 90 என்றால் மேலும் கீழும்தானே? வெட்டு மேலேதான். மேல் இமையை உயர்த்தினால் மெல்லிய சிவப்புக் கோடு தெரிகிறது.

தைத்ததால் வரவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். எங்கே படித்தாய் என்று கேட்டார். விஞ்ஞானப் புத்தகத்தில் என்று சொன்னேன்.

இன்னொன்று. இடக்கண்ணுக்கு ஆனியில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா போகமாட்டாராம். "ஒண்டு போனது காணும், அது போதும், மற்றதையும் குடுக்க ஏலாது" என்கிறார். ஆனால் இடக்கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. வெள்ளைத் துணியையும் மஞ்சள் துணியையும் பிரித்தறிய என்னைக் கூப்பிடுகிறார்.

கணித வகுப்பில் இப்போது வட்டம் படிப்பிக்கிறார்கள்.

அன்புத் தங்கை
யது

*

கண்டி
27.03.2025

அன்புள்ள யது,

நலம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

கணக்குப் பொருந்தவில்லை. 90 என்றால் வளைவு மேல்கீழாகக் கூட. மேலே வெட்டினால் அது தளரவேண்டும், கோணல் குறையவேண்டும். அம்மாவுக்குக் கூடியிருக்கிறது. அவருக்குக் கட்டை தெரியாமல் கம்பி தெரிகிறதென்றால் வளைவு குறுக்காகத்தான் கூட. தாளில் 180 என்று இருந்திருக்க வேண்டும், வெட்டும் காதோரம், கன்னப்பொறிப் பக்கமாக இருந்திருக்க வேண்டும். வெட்டினவரில் பிழையில்லை. அவர் தாளில் இருந்தபடி செய்திருக்கிறார். தாளிலுள்ள இலக்கம் அம்மாவுடையதாக எனக்குத் தெரியவில்லை.

போன முறை கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. தாளை எழுதினது ஆர்?

அக்கா

*

உடையார்கட்டு
06.04.2025

அன்புள்ள அக்கா,

புதுவருசத்துக்கு வருவீர்கள் என்று அப்பா பார்த்துக்கொண்டு இருக்கிறார். லீவு கிடைக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், பலகாரம் அனுப்புவோம். அம்மா லாபிர் நானா கடைக்கு இருபது வெள்ளைச் சட்டை தைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். தையல் கோணிப் பதினொன்றை அவிழ்த்துத் திரும்பத் தைத்தாயிற்று.

முதலாம் திகதி அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார்கள். அம்மா ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார். வெளியே வந்த பிறகுதான் சொன்னார், முன்னால் இருந்தவர் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணினாராம். "பாவம், அந்த டொக்டர் எவ்வளவு பாடுபட்டு வெட்டினவர். தெரியேல்லை எண்டு எப்பிடி முகத்துக்கு நேர சொல்லுறது?" என்றார். இப்போது ஆஸ்பத்திரியில் அம்மாவின் கண் நல்ல கண் என்று பதிந்திருக்கிறது.

வரும்போது அம்மா சைக்கிளை எங்கள் வாசல் படலைத் தூணில் இடித்து முழங்கை உரசுப்பட்டது. நாய் குறுக்கே வந்ததென்று அப்பாவிடம் சொன்னோம்.

சும்மா ஒரு கேள்வி. ஒருவருக்கு ஒரே ஒரு கண் இருந்து, அந்தக் கண்ணில் பிழையான இடத்தில் வெட்டினால் என்ன நடக்கும்?

யது

*

கண்டி
15.04.2025

யது,

புதுவருச வாழ்த்துகள். பலகாரம் வந்தது. எனக்கு லீவு இல்லை.

ஆருக்கு ஒரே கண்?

அக்கா

*

உடையார்கட்டு
22.04.2025

அன்புள்ள அக்கா,

சுகம் கேட்டு எழுதத் தொடங்கினால் இதை எழுதமாட்டேன். அதனால் நேரே எழுதுகிறேன். தாளை எழுதினது நான்.

முகாமில் எங்கள் பள்ளிக்கூட முதலுதவிப் படைதான் உதவி செய்தது. வளைவு அளக்கிற மெஷினுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மிஸ் மெஷினுக்குள் பார்த்தபடி இலக்கங்களைச் சொல்லுவார், நான் தாளில் எழுதவேண்டும். தாள்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பெயர் எழுதிய துண்டு ஒவ்வொரு தாளின் தலையிலும் குண்டூசியால் குத்தியிருந்தது. பெயர் கூப்பிட்டால் நேரம் போகுமென்று இலக்கம்தான் கூப்பிட்டார்கள்.

வரிசையில் அம்மாவின் இலக்கம் ஐம்பத்தெட்டு. காலையிலிருந்து சாப்பிடவில்லை, சீனி குறைந்து கை நடுங்கத் தொடங்கிவிட்டது. நாற்பத்தோராவதாக நாயாற்றுச் சின்னராசா ஐயா நின்றார். கடல் தொழிலுக்குப் போகிறவர். இடக்கண் யுத்தத்தில் போய்விட்டது. அம்மாவைப் பார்த்துவிட்டு அவரே என்னிடம் சொன்னார், "அவாவை முதல் விடு பிள்ளை. எனக்கு ஒரு கண்தானே, அரைவாசி நேரம் காணும்." எல்லாரும் சிரித்தார்கள். நான் அம்மாவை நாற்பத்தொன்றில் விட்டேன்.

மேலே இருந்தது சின்னராசா ஐயாவின் தாள். அடுக்கைக் கலைத்துத் தேடினால் மிஸ் ஏசுவார் என்று பயந்து அம்மாவின் இலக்கங்களை அதிலேயே எழுதினேன். அம்மா எழும்பி ஐயா வந்து இருக்கிற இடைவெளியில் அம்மாவின் தாளை உருவி, அதில் ஐயாவின் இலக்கங்களை எழுதினேன். பிறகு இரண்டு பெயர்த் துண்டுகளையும் மாற்றிக் குத்தினால் சரி என்று நினைத்தேன். அதற்குள் படைக்குப் பொறுப்பான சேர் என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். திரும்பி வரும்போது தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். படையில் நல்ல பிள்ளை என்று அடுத்த நாள் எனக்குச் சான்றிதழ் தந்தார்கள். இரண்டு பேருக்கும் இலக்கங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதானே, என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். திசை என்று ஒன்று இருக்கிறதென்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் இரண்டாவது கடிதம் வந்த அன்று எல்லாம் விளங்கிவிட்டது. மிஸ் அம்மாவுக்குச் சொன்னது நூற்றியெண்பது. எனக்கு அந்தக் குரலே ஞாபகம் இருக்கிறது.

சின்னராசா ஐயாவைக் கிளினிக்கில் கண்டேன். சீனி கூடியிருந்ததால் இரண்டு தரம் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மே இருபத்தாறு அவருக்குத் திகதி. அம்மாவின் கண்ணைப் பார்த்து, "எனக்கும் இப்பிடித்தான் வரும்" என்று சந்தோசப்பட்டார்.

அவர் கண்ணை அம்மாவின் இலக்கத்தை வைத்துத்தானே வெட்டப்போகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. என்னைப் பொலிசில் கொடுப்பார்களா? அப்பா என்ன செய்வார்? அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்லுவேன்?

யது

*

கண்டி
07.05.2025

அன்புள்ள யது,

பதில் பிந்திவிட்டது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை ஏசியிருந்தேன், மற்றதில் உன்னைத் தடவிக் கொடுத்திருந்தேன். இரண்டும் உனக்கு உதவாது.

பொலிசில் கொடுக்கமாட்டார்கள். அது கிடக்கட்டும்.

சின்னராசா ஐயாவுக்கு மேலே வெட்டவேண்டும். உன் தாளின்படி கன்னப்பொறிப் பக்கம் வெட்டுவார்கள். அவருக்கு அம்மாவுக்கு நேர்மாறாக வரும்: கட்டை தெரியும், கம்பி தெரியாது. கடலில் அது என்ன என்று யோசி. வலைக்கு நட்ட தடி தெரியும், வானமும் தண்ணீரும் சேருகிற கோடு தெரியாது. அவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மற்றக் கண்ணும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணின் நீளத்தை வேறாக அளந்திருப்பார்கள். நீ எழுதியபடி இருவரின் வளைவும் சராசரியில் ஏறக்குறைய ஒன்று. அதனால் புரையை எடுத்துவிட்டு உள்ளே வைத்த செயற்கை லென்ஸ் தப்பிவிட்டது. தப்பாதது திசை மட்டும்தான். அம்மாவின் வலக்கண்ணுக்கு வழி இருக்கிறது. கோணலுக்கென்று செய்கிற கண்ணாடி போட்டால் கட்டையும் தெரியும். இடக்கண்ணைச் சரியாக அளந்து சரியான பக்கத்தில் வெட்டினால் அந்தக் கண்ணுக்கு இந்தக் கரைச்சலே வராது. ஆனால் முதல் கண் ஏன் இப்படி ஆனதென்று தெரியாமல் அம்மா இரண்டாவதுக்குப் போகமாட்டார். காரணத்தைச் சொல்லக்கூடிய ஆள் நீதான்.

இதெல்லாவற்றையும் நான் ஒரு போனில் சொல்லிவிடலாம். உன் கடிதம் வந்த அன்று போனைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். பங்குனியிலேயே, நீ பதில் எழுதாமல் விட்டபோதே, எனக்குச் சந்தேகம் இருந்தது. நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் இதில் பங்கு உண்டு.

இருபதாம் திகதி பின்னேரம் வரை பொறுப்பேன். அதற்குப் பிறகு நான் எடுப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அழுதுகொண்டு சாப்பிடாமல் இராதே.

அக்கா

*

உடையார்கட்டு
17.05.2025

அன்புள்ள அக்கா,

வெசாக் லீவால் உங்கள் கடிதம் புதன்கிழமைதான் கடைக்கு வந்தது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சாப்பிடுகிறேன்.

இன்று நாயாற்றுக்குப் போய் வந்தேன். ரியூசன் என்று வீட்டில் சொன்னேன், அது கடைசிப் பொய். தனியே போக விடமாட்டேன் என்று ஷிபாவும் வந்தாள். பஸ்ஸில் அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

சின்னராசா ஐயா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். நின்றபடியே முழுவதையும் சொன்னேன். நடுவில் நிறுத்தினால் திரும்ப ஓடிவிடுவேன் என்று தெரியும். அவர் ஊசியைக் கீழே வைக்கவில்லை. முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டுச் சொன்னார்.

"நான் அரைவாசி நேரம் காணும் எண்டுதான் சொன்னனான். அரைவாசிப் பார்வை காணும் எண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

ஷிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அழுகை. என்னை ஏசுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் ஏசவில்லை. வலையை இழுத்து அடுத்த கிழிசலை விரித்தார். பிறகு, "அப்ப அம்மாவின்ர கண்?" என்று கேட்டார்.

கம்பியையும் கட்டையையும் சொன்னேன்.

"என்ர கண்ணை இன்னும் வெட்டேல்லை. அவாவின்ரயை வெட்டியாச்சு. நீ முதல் என்னட்டை ஏன் வந்தனீ?"

அவரிடம் சொல்லுவது சுலபம் அக்கா. அவர் எனக்குச் சோறு போடுகிறவர் இல்லை.

செவ்வாய் கிளினிக் நாள். ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாராம். "நீ வராட்டி நான் வெட்ட விடமாட்டன். உன்ர கணக்கு எனக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

யது

*

உடையார்கட்டு
20.05.2025

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? நான் சுகமாக இருக்கிறேன். இதை இந்த முறை சும்மா எழுதவில்லை.

நீங்கள் போன் எடுக்கவேண்டிய தேவை இல்லை. கடிதம் நாளைதான் தபாலில் போகும் என்பதால், பின்னேரம் லாபிர் நானாவின் போனிலிருந்து ஷிபா உங்களுக்குச் செய்தி போட்டாள். கண்டிருப்பீர்கள்.

பள்ளிக்கூடச் சீருடையோடுதான் போனேன். ஐயா எனக்கு முதலே வந்து நின்றார், வெள்ளைச் சேட்டு, முடியை நனைத்து வாரியிருந்தார். தாதி தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது, ஆர் எழுதினது என்று கேட்டார். நான் என்று சொன்னேன். ஒரே தரத்தில் சொல்லிவிட்டேன். டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவரிடம் முழுவதையும் திரும்பச் சொன்னேன். பெயர்த் துண்டு, குண்டூசி, தண்ணீர் எடுக்கப் போனது எல்லாம்.

அவர் சத்தம் போடவில்லை. ஐயாவை மெஷினில் இருத்தித் தானே அளந்தார். இலக்கத்தைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தொண்ணூறு. பழைய தாளைக் குறுக்கே கீறி, புதுத் தாளில் 'வெட்டு மேலே' என்று எழுதி, என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இருபத்தாறாம் திகதி அப்படியே இருக்கிறது.

வெளியே வரும்போது ஐயா, "கண் தெளிஞ்ச உடன முதல் வேலையா உன்ர முகத்தைத்தான் வந்து பாப்பன், பயப்பிடாதை" என்றார். அது பகிடியா வெருட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அம்மாவைப் பற்றியும் டொக்டர் கேட்டார். எழுத்துப் பலகையை மனப்பாடமாகச் சொன்னதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அம்மாவைத் திரும்ப அளக்கவேண்டும், வலக்கண்ணுக்குக் கண்ணாடி எழுதவேண்டும், இடக்கண்ணுக்கு ஆனி மாதத் திகதியை விடக்கூடாது என்றார். நாளை காலை எட்டு மணிக்கு வீட்டுக்குப் போன் எடுப்பார்களாம். நான் தாதியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: எட்டு மணிக்கு முதல் எடுக்க வேண்டாம், அதற்குள் நான் சொல்லிவிடுவேன்.

பின்னேரம் அம்மா வெங்காயம் உரிக்கும்போது சொல்லப் போனேன், அப்பா வந்துவிட்டார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று இருந்தேன், அம்மா என் தட்டில் மீன் துண்டை வைத்தார், அதைத் தின்றுவிட்டு எழும்பிவிட்டேன். இப்போது அப்பா எண்ணெய்ப் போத்தலை மூடிவைக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் கழுத்துக்குப் பூசியாயிற்று. நாளையிலிருந்து அது தேவைப்படாது.

முதல் கடிதத்தில் ஒருவருக்கும் காட்டவேண்டாம் என்று உங்களை மன்றாடினேன். இனி அந்த மன்றாட்டம் இல்லை. அந்தக் கடிதங்களை நீங்கள் கிழிக்காமல் வைத்திருப்பது நல்லது. எங்கேயாவது எனக்குச் சொல்லத் தெரியாமல் போனால் அம்மாவுக்கு அவற்றை வாசித்துக் காட்டுங்கள். இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு அறையை விட்டு வெளியே போகப்போகிறேன். என்ன வசனம் சொல்லுவதென்று கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். "அம்மா, உங்கட தாளை எழுதினது நான்." அவ்வளவுதான் வருகிறது. அது போதும் என்று நினைக்கி

அக்கா, வெளியே யாரோ நிலையைத் தடவுகிற சத்தம் கேட்கிறது. அப்பா என்றால் நேரே தட்டுவார். அம்மாவுக்குத்தான் கதவு எங்கே முடிந்து நிலை எங்கே தொடங்குகிறதென்று கையால் பார்க்கவேண்டும். தட்டுகிறார். "யது, லைற் எரியுது, இன்னும் படுக்கேல்லையே?"

இந்தக் கடிதத் தாளைக் கொப்பிக்குள் மறைக்கவில்லை. மேசையில் விரித்தபடியே வைத்துவிட்டுக் கதவை